அக்காவுக்குப் பார்த்த ஸ்கிரீன்

அந்த ஸ்கிரீனுக்காக நான் அலைந்த அலைச்சலில் ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளையே பார்த்து முடித்திருக்கலாம். தி. நகர், அடையாறு, மவுண்ட் ரோடுக்குப் பின்னால் இருக்கிற ரிச்சி தெரு என்று கம்ப்யூட்டர் இருக்கும் என்று கேள்விப்பட்ட ஓர் இடத்தையும் விடவில்லை. அதுவும் கத்திரி வெயிலில், கண் சரியாகத் தெரியாத ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு. "ஏண்டி, தெருத் தெருவா இழுத்துக்கிட்டுப் போறியே, நான் என்ன உற்சவத் தேரா?" என்று அக்கா கேட்டாள். "தேர்னா நாலு பேர் இழுப்பாங்க. உனக்கு நான் ஒருத்திதான்" என்றேன்.

நாங்கள் இருவர்தான். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் செய்துகொண்டேன், நிலைக்கவில்லை. அதைச் சொல்ல இது இடமில்லை. அம்மாவும் அப்பாவும் போன பிறகு மயிலாப்பூரில், கடற்கரைக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் இருந்த பழைய வீட்டிலேயே இருந்துவிட்டோம். அக்கா கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். நான் லஸ் பக்கம் ஒரு பாத்திரக்கடை மாடியில் இருந்த டி.டி.பி. சென்டரில் தமிழ் டைப் அடிக்கிறவள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று ஊரில் நல்லது கெட்டது எல்லாம் என் விரல் வழியாகத்தான் போகும். எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. விரல் அடிப்பதை வாயும் சேர்ந்து சொல்லும். செத்தவர் பெயரை நான் சத்தமாகச் சொல்லிக்கொண்டே அடிப்பதைக் கேட்டு, காத்திருக்கிற குடும்பம் மறுபடி அழ ஆரம்பித்துவிடும். "உங்களுக்குச் சம்பளம் விரலுக்கு மட்டும்தாம்மா, வாய்க்கு இல்ல" என்பார் முதலாளி.

அக்காவுக்குக் கோயிலில் ஒரு வேலை இருந்தது. எங்கள் கோயில் என்றால் மாதா கோயில். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பைபிளிலிருந்து முதல் வாசகம் வாசிக்கிறவள் அவள். ஸ்கூலில் வாத்தியார் வேலை பார்த்தது சம்பளத்துக்கு, இதுதான் அவள் உயிர். அவள் குரல் ஒன்றும் தேன் இல்லை. கொஞ்சம் தடித்த குரல். ஆனால் எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்துவாள். அந்த நிறுத்தத்தில் பின்வரிசையில் தூங்குகிறவர்கூட என்ன ஆச்சோ என்று கண் விழித்துவிடுவார்.

அதில் அவளுக்கு ஒரு பிடிவாதமும் இருந்தது. எவ்வளவு பழகின வாசகமாக இருந்தாலும் கண் புத்தகத்தின் மேல்தான் இருக்க வேண்டும். புதிதாக வாசிக்க வரும் பெண்கள் நான்கு வரியை மனப்பாடம் செய்துகொண்டு ஜனங்களைப் பார்த்து ஒப்பித்தால் கோயில் வாசலிலேயே பிடித்துக்கொள்வாள். "வாசிக்கிறது வேற, சொல்றது வேற. பார்க்காம சொன்னா அது நாடகம். கடவுள் வார்த்தையை உன் வார்த்தை மாதிரி விட்டுக்கிட்டு நிக்கக் கூடாது." பாவம், அந்தப் பெண்கள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு ஓடிப்போவார்கள்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் கண் போயிற்று. முதலில் பரீட்சைப் பேப்பர் திருத்த முடியவில்லை என்றாள். கண்ணாடியை மாற்றினோம். பிறகு கரும்பலகையில் தானே எழுதினதைத் தானே அழிக்காமல் அதன் மேலேயே எழுதினாள் என்று பிள்ளைகள் சிரித்தார்களாம். ராயப்பேட்டையில் ஒரு கண் டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணாடியில ஆகிற காரியம் இல்லம்மா. நரம்பு காஞ்சுக்கிட்டு வருது. இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம், போனது வராது" என்றார். அக்கா அவருக்கு நன்றி சொன்னாள். எனக்குத்தான் அந்த மனுஷன் மேல் கோபம் கோபமாக வந்தது, அவர் என்ன செய்வார்.

வேலையை விட்டாள். வாசகத்தை விடவில்லை. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அதே வாசகங்கள் சுற்றி வரும், அவளுக்குப் பழகின வழி. எழுத்து மங்கினாலும் இடம் தெரியும் என்று சமாளித்துக்கொண்டிருந்தாள். போதாத காலம், அந்தச் சமயம் பார்த்துத்தான் எங்கள் கோயிலுக்குப் புது மொழிபெயர்ப்பில் வாசக நூல் வந்தது. அதே வாசகம், ஆனால் ஒரு வரிகூடப் பழைய வரி இல்லை. முதல் ஞாயிறு அக்கா திணறினாள். பங்குச் சாமியார் நல்லவர். பூசை முடிந்ததும், "திருவிழா வரைக்கும் நீங்களே வாசிங்க டீச்சர். அப்புறம் பார்க்கலாம்" என்றார். அந்த 'அப்புறம் பார்க்கலாம்' எங்கள் வீட்டுக்குள் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது. அன்று அக்கா சாப்பிடவில்லை.

எனக்கு யோசனை வந்தது ஒரு கண்ணீர் அஞ்சலி அடிக்கும்போது. சுவரொட்டிக்காகப் பெயரை மட்டும் பெரிதாக்கினேன். ஒரே ஓர் எழுத்து ஸ்கிரீனில் தோசை அளவுக்கு விரிந்தது. அட, இதுதானே வேண்டும்! புதுப் புத்தகத்தின் வாசகத்தை நான் அடித்துக் கொடுத்தால், வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கி வீட்டிலேயே உட்கார்ந்து வாசித்துப் பழகலாமே. பெரிய எழுத்தில் அச்செடுத்து வாசக நூலுக்குள் வைத்தும் கொடுக்கலாம். முதலாளியிடம் சொன்னேன். ஓரமாகத் தூசி படிந்து கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அதற்கு ஸ்கிரீன் இல்லை. "ஸ்கிரீன் மட்டும் உங்க அக்கா கண்ணுக்குத் தோதா பார்த்து வாங்கிக்குங்க" என்றார்.

தோதாகப் பார்க்க வேண்டும் என்றால் சோதித்துப் பார்க்க ஒரு வாசகம் வேண்டுமே. முன்பு கோயிலுக்காக நான் அடித்த கிறிஸ்துமஸ் பூசைப் புத்தகம் ஃப்ளாப்பியில் இருந்தது. அது பழைய மொழிபெயர்ப்பு. எழுத்து எழுத்துதானே என்று அதையே எடுத்துக்கொண்டேன். கடைக் கம்ப்யூட்டரில் தமிழ் இருக்காது என்று தமிழ் எழுத்தை இன்னொரு ஃப்ளாப்பியில் போட்டுக்கொண்டேன். இரண்டையும் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினோம்.

முதலில் அடையாறு. சித்தி மகன் அமெரிக்காவிலிருந்து உள்ளங்கை அளவில் ஒரு மெஷின் கொண்டுவந்திருக்கிறான், புத்தகமே அதில் படிக்கலாம் என்று கேள்விப்பட்டுப் போனோம். பாக்கெட்டில் வைக்கிற சாமான். பாசி படிந்த மாதிரி ஒரு கண்ணாடி, அதில் பொடிப் பொடியாக இங்கிலீஷ். தமிழ் வருமா என்றால் வராதாம். அக்கா அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குப்பா. எறும்புங்க பூசை வச்சா இதுல வாசகம் வாசிக்கலாம்" என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

அடுத்து தி. நகரில் ஒரு ஏ.சி. ஷோரூம். பெரிய கலர் மானிட்டர். ஃப்ளாப்பியைப் போட்டு எழுத்தைப் பெரிதாக்கினேன். "கிறிஸ்துமஸ் வாசகம்தான் போட்டிருக்கேன், முதல்லேர்ந்து வாசி" என்றேன். அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டாள். முகத்தை ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், ஷோரூமே திரும்பிப் பார்க்க, கோயிலில் வாசிப்பதுபோலவே வாசித்தாள். ஒரு தடங்கல் இல்லை! எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டன. "அக்கா, தெரியுதா? தெரியுதா?" என்று குழந்தை மாதிரிக் குதித்தேன். "தெரியுது. ஆனா வெளிச்சம் கூசுது" என்றாள். "கூசினா வேணாம், வேற பார்ப்போம்" என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இன்னொரு கடை. அங்கும் வாசித்தாள், அங்கும் நான் குதித்தேன். அங்கே எழுத்து ஆடுகிறது என்றாள்.

கடைசியில் ரிச்சி தெரு. நடைபாதை வரை வயரும் பலகையும் கொட்டிக் கிடக்கும் சின்னக் கடை. ஏதோ ஆபீஸில் கழித்துப் போட்ட கறுப்பு வெள்ளை மானிட்டர்களை அடுக்கி வைத்திருந்தான். "யக்கா, இத்த பாரு. கலர்னா கண்ணு எரியும். இது பேப்பர் மாரி வெள்ளையா கீது, எழுத்து அப்டியே நிக்கும். முன்னால ஒரு கண்ணாடித் தட்டி மாட்டித் தரேன், கூசவே கூசாது" என்றான். அக்கா வாசித்தாள். வாசித்து முடித்து விலையைக் கேட்டாள். பிறகு, "இதுதாண்டி" என்றாள். கடைக்காரன் என்னைப் பார்த்து, "இன்னாக்கா நீ, இவங்களுக்குப் போயி கண்ணு தெர்லன்ற? என்னைவிட ஸ்பீடா படிக்கிறாங்க" என்றான். நாங்கள் பார்த்ததிலேயே விலை குறைந்தது அதுதான். அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். ஆட்டோவில் மடியில் அதை வைத்துக்கொண்டு வந்தபோது எனக்கு இருந்த சந்தோஷம் கழுத்தில் தாலி ஏறின அன்றைக்குக்கூட இருந்ததில்லை. தாலியைப் பற்றிப் பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை, விடுங்கள்.

அதன் பிறகு வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் புது வாசக நூலை மடியில் விரித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வாசகத்தை நான் அடிப்பேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். என் வாய்தான் சும்மா இருக்காதே, வரி வரியாகச் சொல்லிக்கொண்டேதான் அடிப்பேன். "அந்த வரியை இன்னொரு தடவை சொல்லு, எங்க நிறுத்தணும்னு பார்க்கிறேன்" என்பாள். சொல்வேன். மறுநாள் மத்தியானம் அவள் தனியாக ஸ்கிரீன் முன்னால் உட்கார்ந்து சத்தமாக வாசித்துப் பழகுவாள். பக்கம் தள்ளும் பொத்தானில் ஒரு புளியங்கொட்டையை ஒட்டி வைத்திருந்தேன், தடவினால் தெரியட்டும் என்று. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பழையபடி அவள் குரல். சாமியார் என்னைக் கூப்பிட்டு, "பரவாயில்லையே, கம்ப்யூட்டர் டீச்சரைக் காப்பாத்திடுச்சே!" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒன்றே ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. வருஷத்துக்கு இரண்டு முறை சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்கிறவள், அந்த ஸ்கிரீன் வந்ததிலிருந்து சனிக்கிழமை தவறாமல் சாயங்காலம் என்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். நான் வெளியே பெஞ்சில் காத்திருப்பேன். "அப்படி என்ன பாவம் பண்ற, எனக்குத் தெரியாம? காபியில ஒரு ஸ்பூன் சர்க்கரை ஜாஸ்தி போட்டுக்கிட்டியா?" என்று கேலி செய்வேன். அவள் சிரிப்பாள்.

திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கும். டி.டி.பி. சென்டரில் யாரோ, ஒரே பக்கத்தை ஸ்கிரீனில் ரொம்ப நேரம் விட்டு வைத்தால் எழுத்து கண்ணாடியில் பதிந்து ஸ்கிரீன் கெட்டுவிடும் என்று பயமுறுத்தினார்கள். கொஞ்ச நேரம் யாரும் பொத்தானைத் தொடாவிட்டால் தானாக நட்சத்திரம் பறக்கிற மாதிரி வைத்துவிட்டால் கெடாதாம். வெள்ளிக்கிழமை வீட்டில் அப்படியே வைத்தேன். அக்காவிடம் சொல்ல மறந்துபோனேன்.

மறுநாள் மத்தியானம் சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அறையில் அக்கா வாசித்துக்கொண்டிருந்தாள். குழம்பா வறுவலா என்று கேட்க ஈரக் கையோடு போய் வாசற்படியில் நின்றேன். மூக்கு கண்ணாடித் தட்டியில் இடிக்கிற மாதிரி குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஸ்கிரீனில் எழுத்தே இல்லை. கறுப்பு. அந்தக் கறுப்பிலிருந்து நட்சத்திரங்கள் அவள் முகத்தைப் பார்த்து வந்துகொண்டே இருந்தன. அவள் வாசித்துக்கொண்டிருந்தாள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள். அடுத்த வரிக்குத் தலையைக்கூட லேசாக நகர்த்தினாள்.

பக்கம் முடிகிற இடம் வந்ததும் கையை நீட்டிப் புளியங்கொட்டையைத் தடவி அழுத்தினாள். நட்சத்திரம் போய் எழுத்து வந்தது. முதல் பக்கமே வந்தது. அவள் இரண்டாம் பக்கத்தை வாசித்துக்கொண்டே போனாள்.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியவில்லை. கையிலிருந்து மீன் தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. தி. நகர் ஷோரூமும் ரிச்சி தெருவும் அந்த கிறிஸ்துமஸ் வாசகமும் ஒன்றன் பின் ஒன்றாகப் புரிய ஆரம்பித்தன. அது அவள் இருபது இருபத்தைந்து கிறிஸ்துமஸுக்கு வாசித்த வாசகம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அதைக் கொண்டுபோய்த்தான் கடை கடையாக அவள் கண்ணைச் சோதித்திருக்கிறேன், மேதை! எந்த ஸ்கிரீனிலும் எழுத்தே தெரியாததால்தான் இருப்பதிலேயே விலை குறைந்ததைக் காட்டி இதுதாண்டி என்றிருக்கிறாள். புது வாசகத்தை அவள் படித்ததெல்லாம் ஸ்கிரீனிலிருந்து இல்லை, வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் வாயிலிருந்து.

"அக்கா, குழம்பா வறுவலா?" என்றேன்.

"வறுவல்."

"எழுத்து எப்படி இருக்கு?"

"கல்லுல வெட்டி வச்ச மாதிரி இருக்குடி" என்றாள்.

சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவளிடம் கேட்கலாமா? கேட்டு என்ன ஆகப் போகிறது? திருவிழா வரைக்குமாவது இருக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். வாயை மூடினேன் என்றா சொன்னேன்? அதற்கு நேர் எதிர். அடுத்த வெள்ளியிலிருந்து நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் சத்தமாகச் சொல்லிச் சொல்லி அடித்தேன். பக்கத்து வீட்டு அம்மா, "என்ன, வெள்ளிக்கிழமையானா ஜெபக் கூட்டமா?" என்று கேட்கிற அளவுக்கு.

திருவிழா வந்தது. பிஷப் வந்திருந்தார். கோயில் வாசல் வரைக்கும் கூட்டம். அக்கா வெள்ளைச் சேலையில் படி ஏறினாள். அந்தப் படிக்கு அவளுக்குக் கண் வேண்டாம். வாசக நூலைத் திறந்தாள், நான் வைத்த பெரிய எழுத்துத் தாளை விரித்தாள், குனிந்தாள். நான் இரண்டாவது வரிசையில் இருந்தேன். அவளோடு சேர்ந்து என் உதடும் அசைந்துகொண்டிருந்தது. பாதி தாண்டி நல்லபடியாகப் போனாள்.

அப்போது கரண்ட் போயிற்று. விளக்கு, ஃபேன், மைக் எல்லாம் ஒரே நேரத்தில். மைக் செத்தது காதில் பட்டதும் அக்கா நிறுத்திவிட்டாள். கைக்குழந்தைகள் அழுதன, கோயில் உபதேசியார் பின்பக்கம் ஓடினார், ஜெனரேட்டர் இருமி இருமிக் கிளம்பியது. விளக்கு வந்தது. மைக் ஒரு கூச்சல் போட்டு அடங்கியது. கோயில் முழுக்க அமைதி. கண் தெரிகிறவளுக்கு என்ன? விட்ட வரியைப் பார்த்துத் தொடர வேண்டியதுதான். அக்கா தாளின் மேல் குனிந்தபடியே நின்றாள். அவள் விரல் தாளின் ஓரத்தை மேலும் கீழும் தடவியது. யேசுவே, ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவளுக்குக் கொடுத்துவிடு என்று நான் முழந்தாளில் விழாத குறை.

அவள் நிமிர்ந்தாள். முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். பாதியில் விட்ட செய்யுளை முதலிலிருந்து ஒப்பிக்கிற பிள்ளையைப்போல. முழுவதும் சொல்லி முடித்தாள்.

யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பூசை முடிந்ததும் ஆளாளுக்கு வந்து, "நல்ல வேளை டீச்சர், முதல்லேர்ந்து வாசிச்சீங்க. பின்னால இருந்த எங்களுக்கு ஒண்ணுமே கேக்கல" என்று பாராட்டினார்கள். சாமியார் மட்டும் பாராட்டவில்லை. அக்காவின் தலையில் கை வைத்து ஆசீர்வதித்துவிட்டுப் போனார். சனிக்கிழமை தோறும் அவர் காதில் அக்கா என்ன சொன்னாள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

வீட்டுக்கு வரும் வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவள், "உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நடிக்காதடி. ஒரு மாசமா பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லிச் சொல்லி டைப் அடிக்கிற. எனக்குக் கண்ணுதான் இல்ல, காது இருக்கு."

நான் நின்றுவிட்டேன். "ஏங்க்கா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கடை கடையா..."

"அந்தக் கடையிலதான் சொல்லணும்னு இருந்தேன். முதல் கடையில, வாசிச்சு முடிச்சதும். நீ தெரியுதா தெரியுதான்னு குதிச்ச." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "உன் முகம் எனக்கு எப்பவோ போயிடுச்சுடி. போன வருஷமே. குரலை வச்சுத்தான் உன்னைப் பார்த்துக்கிட்டிருக்கேன். நீ அப்படிச் சிரிச்சு எத்தனை வருஷம் ஆச்சு? அதைக் கேட்டப்புறம் எப்படிச் சொல்றது?"

நடுத்தெருவில் அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். "போதும். இன்னிக்கு வாசிக்கல, ஒப்பிச்சேன். இத்தனை நாளும் ஒப்பிச்சேன். இனி அந்த மேடை வேணாம்" என்றாள். அவள் அழவில்லை.

அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குக் கூட்டிப் போ என்று அவள் கேட்கவில்லை. நான் என்ன செய்வது என்று தெரியாமல், கை பழகின பழக்கத்தில், ஸ்கிரீனைப் போட்டுவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். முந்தைய நாள் அடித்து வைத்த வாசகம் இருந்தது. கோயிலில் அதை வாசிக்கப்போவது வேறு ஒரு பெண். அக்கா சுவரைத் தடவிக்கொண்டு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு என்ன வாசகம்? வாசி, கேக்கிறேன்" என்றாள். "டைப் அடிக்காம வாசி."

வாசிக்க வாயைத் திறந்தேன். தோசை அளவு எழுத்து. நானே அடித்த எழுத்து. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. எல்லாம் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோலக் கலங்கிக் கிடந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். முதல் வார்த்தையைக்கூடச் சொல்ல முடியவில்லை.

அக்கா காத்திருந்தாள். பிறகு கையை நீட்டி என் முழங்கையைத் தொட்டாள்.

"என்னடி, எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிசு பண்ணிக்கோயேன்" என்றாள்.